பயணத்துக்கு முன் பல் அழகு சிகிச்சை: கிளம்பும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவது எப்படி?

திருச்சியில் ஒரு பல் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு நாள் குறித்துக் கொடுப்பது என் வேலை. சிகிச்சை செய்வது மருத்துவர். எந்த வேலை எந்தத் தேதியில் வரவேண்டும், பல்லின் அளவு எப்போது கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை) செய்யும் லேபுக்குப் போகிறது, கேப் எப்போது திரும்பி வருகிறது என்பதெல்லாம் என் நோட்டில் இருக்கும். அதனால் தேதிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதை முதலில் பார்ப்பதும் நான்தான்.

"அடுத்த வெள்ளிக்கிழமை ஃப்ளைட். அதுக்குள்ள பல்லை வெள்ளையாக்கி, முன்பல் கேப்பையும் மாத்திடலாமா?" மாதத்துக்கு இரண்டு பேராவது இப்படிக் கேட்டுக்கொண்டு வருவார்கள். கேட்பதில் தவறே இல்லை. தேனிலவு, பிள்ளையின் பட்டமளிப்பு, திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் என்று வாழ்நாள் முழுக்கப் பார்க்கப் போகிற போட்டோக்கள் எடுக்கும் பயணங்கள் இவை. அதில் வாயை மூடாமல் சிரிக்க வேண்டும் என்று நினைப்பது நியாயமான ஆசை. அந்த ஆசைக்கு எவ்வளவு நாள் வேண்டும், எதை முதலில் செய்யவேண்டும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஓர் உதாரணத்தை முழுக்கக் கூட்டிக்கொண்டு போகிறேன். மகளின் பட்டமளிப்பு விழாவுக்கு அமெரிக்கா போகவிருந்த ஓர் அம்மா. மே 10 அன்று விமானம். முன்பல் ஒன்றில் பல வருடத்துக்கு முன் போட்ட உலோகம் கலந்த கேப், ஈறு ஓரத்தில் சாம்பல் நிறக் கோடாகத் தெரிந்தது. மற்ற பற்களில் காபிக் கறை. கடவாய்ப் பல் ஒன்றில் சொத்தை. எங்களிடம் வந்தது பிப்ரவரி இரண்டாம் வாரம். நல்ல நேரத்தில் வந்தார்.

1. கிளம்பும் நாளை எழுதுங்கள், அதிலிருந்து இரண்டு வாரம் கழியுங்கள்

மே 10 விமானம் என்றால், பல் வேலையின் கடைசி நாள் ஏப்ரல் 26. அதற்குப் பிறகு வாயில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது.

இந்த இரண்டு வாரம் எதற்கு? புதுக் கேப்பில் கடிக்கும்போது ஒரு பக்கம் உயரமாக இருப்பது சாப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். கூச்சம் அடங்கச் சில நாள் ஆகும். புதிதாக ஒட்டியது பிடிக்குமா என்பதும் முதல் வாரத்தில்தான் தெரியும். இதெல்லாம் உங்கள் மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போதே தெரிய வேண்டும்.

பலரும் இன்றைய தேதியிலிருந்து முன்னோக்கி எண்ணுகிறார்கள். "இன்னிக்கு ஆரம்பிச்சா மூணு வாரத்தில முடிஞ்சிடும்" என்று கணக்குப் போடுகிறார்கள். ஒரு நாள் காய்ச்சலோ, லேபில் ஒரு நாள் தாமதமோ வந்தால் கணக்கு விமான நிலைய வாசலில் போய் முட்டிக்கொள்ளும். பின்னோக்கி எண்ணினால் அந்தத் தாமதத்துக்கு இடம் இருக்கும்.

பண்டிகைகளையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். தீபாவளி வாரமும் பொங்கல் வாரமும் லேப் வேலை நின்றுவிடும். தை, வைகாசி, ஆவணி மாதங்களில் கல்யாண வீட்டுக்காரர்கள் நிறைய வருவதால் கேட்ட நாள் கிடைக்காது. அந்த அம்மாவுக்கு ஏப்ரல் 14 சித்திரை முதல் நாள் குறுக்கே வந்தது. முன்பே பார்த்திருந்ததால் லேபுக்கு மூன்று நாள் கூடுதலாகக் கொடுத்தோம்.

2. முதல் நாள் கொண்டுவர வேண்டியவை

பயணத் தேதி, நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், பழைய எக்ஸ்ரே இருந்தால் அது. சர்க்கரை நோய் இருந்தால் சமீபத்திய ரத்தப் பரிசோதனை முடிவு. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு ஆறுவது தாமதமாகும், நாள் கணக்கே மாறிவிடும்.

ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் ஊசி அல்லது மாத்திரை, இந்த இரண்டையும் பற்றிக் கேட்காமலேயே சொல்லிவிடுங்கள். பல் எடுக்க வேண்டி வந்தால் இரண்டும் முக்கியம். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிட்டு வராதீர்கள்.

கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் பல் வெண்மையாக்கும் சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். அதையும் முதல் நாளே சொன்னால் வீண் அலைச்சல் இல்லை.

அப்புறம், உங்களுக்குப் பிடித்த பழைய போட்டோ ஒன்று. பத்து வருடத்துக்கு முன் நீங்கள் சிரித்தபடி எடுத்தது. நடிகையின் படத்தைக் காட்டுவதைவிட உங்கள் பல் உங்கள் முகத்தில் எப்படி இருந்தது என்று காட்டுவது மருத்துவருக்கு அதிகம் உதவும்.

3. எந்த வேலைக்கு எவ்வளவு நாள் முன்னதாக வரவேண்டும்

இங்கே நான் சொல்வது வசதியான கணக்கு. இதைவிடக் குறைந்த நாளில் முடிப்பவர்களும் உண்டு. ஆனால் பயணத்துக்கு முன் இழுத்துப்பிடித்த கணக்கு வேண்டாம்.

கம்பி அல்லது அலைனர் (கழற்றி மாட்டும் தெளிவான தட்டு) போட்டுப் பல்வரிசையைச் சரிசெய்ய ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடம், சிலருக்கு அதற்கு மேலும். விழுந்த பல்லுக்கு இம்ப்ளாண்ட் (தாடை எலும்பில் பதிக்கும் திருகு) வைத்தால், திருகு எலும்போடு பிடிக்கவே மூன்று முதல் ஆறு மாதம். எலும்பு அதன் வேகத்தில்தான் வளரும்.

சிரித்தால் ஈறு அதிகமாகத் தெரிகிறது என்று ஈறைச் சரிசெய்தால், அது ஆறி ஓரம் நிலையான இடத்துக்கு வர ஆறு முதல் எட்டு வாரம். எலும்பையும் சேர்த்துத் தொட்டால் மூன்று மாதத்துக்கு மேல். ஓரம் நிலைபெறாமல் கேப் போட்டால், பின்னால் ஈறு நகர்ந்து கேப்பின் விளிம்பு வெளியே தெரியும்.

முன்பற்களுக்கு வெனீர் (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய ஓடு) அல்லது புதுக் கேப், அதோடு வெண்மையாக்கலும் என்றால் மூன்று மாதம். வெண்மையாக்கல் மட்டும் என்றால் ஆறு வாரம். வெறும் கிளீனிங் என்றால் மூன்று வாரம்.

கறையின் வகையைப் பொறுத்தும் கணக்கு மாறும். வெற்றிலைக் கறை, டீ, காபிக் கறையெல்லாம் மேலே படிந்தவை. பெரும்பாலும் கிளீனிங்கிலேயே போய்விடும். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தில் ஃபுளோரைடு அதிகமான தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லுக்குள்ளேயே பழுப்புத் திட்டும் வெள்ளைத் திட்டும் இருக்கும். அதற்கு வெண்மையாக்கல் மட்டும் போதாது. தொடங்கிய முதல் சில நாளில் வெள்ளைத் திட்டுகள் முன்பைவிடப் பளிச்சென்று தெரிந்து பயமுறுத்தும். மேற்பரப்பை மெல்லத் தேய்த்தெடுப்பது, திட்டுக்குள் ரெசின் என்ற பிசினை ஊறவிடுவது என்று கூடுதல் முறைகள் தேவைப்படலாம். சிறு வயதில் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டதால் வந்த சாம்பல் கறைக்கு மாதக்கணக்கில் வெண்மையாக்கும் ஜெல் வைக்க வேண்டியிருக்கும். இந்த இரண்டு வகையினரும் ஒரு மாதம் கூடுதலாக அல்ல, குறைந்தது ஆறு மாதம் முன்னதாக வாருங்கள்.

4. முதலில் நோய், அப்புறம்தான் அழகு

எல்லோருக்கும் அவசரம் முன்பல்லில்தான். அந்த அம்மாவும், "கடவாய்ப் பல் யாருக்குத் தெரியப்போகுது, அதை வந்து பார்த்துக்கலாம்" என்றார். ஆனால் பயணத்தில் தொல்லை கொடுப்பது பெரும்பாலும் யாருக்கும் தெரியாத அந்தக் கடவாய்ப் பல்தான்.

விமானத்துக்குள் காற்றழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருக்கும் அளவுக்குக் குறையும். ஊட்டி சுமார் 7,350 அடி. ஏறக்குறைய அந்த உயரத்துக்கு அரை மணி நேரத்தில் உங்களைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பல்லுக்குள் சொத்தைக்கு அடியிலோ, பாதியில் நின்ற வேர் சிகிச்சைக்குள்ளோ (ரூட் கெனால்) சிக்கியிருக்கும் காற்று அப்போது விரியும். வெளியேற வழியில்லாமல் நரம்பை அழுத்தும். நடுவானில் திடீரென்று வரும் பல்வலிக்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் முதலில் முழு வாய் எக்ஸ்ரே, கிளீனிங், சொத்தையை அடைப்பது, தேவைப்பட்டால் வேர் சிகிச்சை. எக்ஸ்ரேயில் ஞானப்பல் குறுக்கே முளைத்திருப்பது தெரிந்து எடுக்க வேண்டும் என்றால் அதையும் இந்தக் கட்டத்திலேயே எடுத்துவிடுங்கள். பல் எடுத்த குழியில் ரத்தக்கட்டி கலைந்துபோனால் வரும் கடும் வலி, எடுத்த அன்றைக்கு வராது. இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வரும். "பல்லை எடுத்துட்டு மறுநாள் கிளம்பிடறேன்" என்பது அதனால்தான் ஆபத்தான திட்டம்.

கிளீனிங்குக்குப் பிறகு இரண்டு வாரம் விடுவதற்கும் காரணம் இருக்கிறது. வீங்கிய ஈறு தொட்டால் ரத்தம் கசியும். கசியும் ஈறுக்குப் பக்கத்தில் எடுத்த அளவு சரியாக வராது, ஒட்டுவதும் பிடிக்காது. ஈறு இளஞ்சிவப்பாகி, பிரஷ் பட்டால் ரத்தம் வராத நிலைக்கு வந்த பிறகுதான் அடுத்த வேலை.

இங்கே இன்னொரு தடுக்கல். கிளீனிங்குக்குப் பின் கொப்பளிக்கக் குளோர்ஹெக்சிடின் மருந்து தருவார்கள். சொன்ன நாளோடு நிறுத்துங்கள். "நல்லதுதானே" என்று வாரக்கணக்கில் தொடர்ந்தால் அதுவே பல்லில் பழுப்புக் கறையை உண்டாக்கும். டீ, காபி அதிகம் குடித்தால் இன்னும் சீக்கிரம்.

வேர் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டுப் பயணம் போகாதீர்கள். நடுவில் வைக்கும் தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்கு மேல் தாங்கும்படி செய்யப்பட்டதில்லை.

5. வெண்மையாக்குவது எப்போதும் கேப்புக்கு முன்னால்

இந்த ஒரு வரிசையை மாற்றியதால் பணமும் நாளும் போனவர்கள்தான் என் நோட்டில் அதிகம்.

வெண்மையாக்கும் ஜெல்லில் இருப்பது பெராக்சைடு. இயற்கைப் பல்லுக்குள் ஊடுருவிக் கறையைச் சிதைக்கும். பீங்கான் கேப், வெனீர், பல் நிறத்தில் அடைத்த காம்போசிட் இவற்றின் நிறத்தை அதனால் மாற்ற முடியாது. முதலில் கேப் போட்டு அப்புறம் வெண்மையாக்கினால் சுற்றியுள்ள பற்கள் வெளுத்துவிடும், கேப் மட்டும் பழைய நிறத்தில் தனியாக நிற்கும்.

அந்த அம்மாவுக்கு மனத்தில் உறுத்திக்கொண்டிருந்தது அந்தப் பழைய கேப்தான். "அதை முதல்ல எடுத்துடுங்க" என்றார். அப்படிச் செய்திருந்தால், அன்று இருந்த காபி நிறத்துக்குப் பொருத்தமாகப் புதுக் கேப் வந்திருக்கும். மார்ச்சில் பல் வெளுத்த பிறகு அதையும் கழற்றி மூன்றாவதாக ஒன்று செய்ய வேண்டியிருந்திருக்கும். வரிசையைத் தாளில் எழுதிக் காட்டியதும் ஒத்துக்கொண்டார்.

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மருத்துவமனையில் ஒரே நாளில் ஒன்று ஒன்றரை மணி நேரம் வீரியமான ஜெல் வைப்பது. மற்றொன்று, உங்கள் பல்லின் அளவுக்குச் செய்த மெல்லிய தட்டில் வீரியம் குறைந்த ஜெல்லை இட்டு, வீட்டில் இரவில் இரண்டு வாரம் போட்டுக்கொள்வது. பயணத்துக்கு நாள் இருக்கிறவர்களுக்கு நான் இரண்டாவதைத்தான் கேட்டுப்பார்க்கச் சொல்வேன். கூசினால் ஒரு நாள் விட்டுப் போடலாம், போதும் என்ற இடத்தில் நிறுத்தலாம். தட்டு கையில் இருப்பதால் பின்னாலும் பயன்படும்.

ஒரே நாள் சிகிச்சை முடிந்து கண்ணாடியைப் பார்த்ததும் பல் பளீரென்று இருக்கும். அதில் ஒரு பங்கு பல் உலர்ந்துபோனதால் வந்த வெள்ளை. எச்சில் ஊறிப் பல் ஈரமானதும் கொஞ்சம் இறங்கும். "மூணு நாள்ல மங்கிடுச்சே" என்று போன் வரும். மங்கவில்லை, உண்மையான நிறத்துக்கு வந்திருக்கிறது.

கூச்சம் வரும் என்று தெரிந்தே தயாராகுங்கள். பொட்டாசியம் நைட்ரேட் உள்ள கூச்சப் பற்பசையை இரண்டு வாரம் முன்பிருந்தே பயன்படுத்தினால் நிறையப் பேருக்குத் தாங்கும்படி இருக்கிறது. அடைக்காத சொத்தை இருந்தால் ஜெல் அதன் வழியாக நரம்புக்குப் போய்த் துடிக்கவைக்கும். நான்காம் படி முதலில் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

முன்பல்லிலேயே சொத்தை இருந்தால்? முதலில் அடைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த அடைப்பின் நிறம் பழைய பல்லுக்குப் பொருந்தியது. வெண்மையாக்கிய பிறகு அதை மாற்றவேண்டியிருக்கும் என்று அப்போதே கேட்டு, செலவிலும் நாளிலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு பல் மட்டும் கறுத்திருந்தால் பெரும்பாலும் எப்போதோ அடிபட்டு நரம்பு செத்துப்போன பல். அதற்கு வேர் சிகிச்சை முடித்து, பல்லுக்குள்ளேயே மருந்து வைத்துச் சில நாளுக்கொரு முறை மாற்றி வெளுக்க வைப்பார்கள். மூன்று நான்கு முறை வரவேண்டியிருக்கும்.

சாப்பாட்டில், ஜெல் வைத்தபின் இரண்டு நாளைக்காவது நிறம் ஏறும் பொருள்களைத் தள்ளிவைக்கச் சொல்வோம். நம் சமையலில் மஞ்சள் இல்லாத குழம்பே அரிது என்பதால் நான் ஒரு சின்னப் பட்டியல் எழுதிக் கொடுப்பேன். தயிர்சாதம், தேங்காய்ச் சட்னியோடு இட்லி, தேங்காய்ப்பாலோடு இடியாப்பம், பால் கொழுக்கட்டை, வாழைப்பழம். சாம்பார், ரசம், பீட்ரூட், காபி, டீ, வெற்றிலை வேண்டாம். ரொம்பக் குளிர்ந்ததும் ரொம்பச் சூடானதும் வேண்டாம்.

எலுமிச்சையும் உப்பும் தேய்ப்பது, கரித்தூள் தேய்ப்பது இரண்டையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். புளிப்பு பல்லின் மேலோடான எனாமலை அரிக்கும், கரி தேய்க்கும். எனாமல் மெலிந்தால் உள்ளே இருக்கும் மஞ்சள் படலம்தான் இன்னும் தெரியும். அழகு நிலையத்தில் செய்யும் வெண்மையாக்கலும் வேண்டாம். சொத்தை இருக்கிறதா என்று அங்கே யாரும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதில்லை.

6. ஜெல்லை நிறுத்திய பின் இரண்டு வாரம் சும்மா இருங்கள்

வெளியில் இருந்து பார்த்தால் வீணாகப் போகிற நாள் மாதிரித் தெரியும். இதைக் குறைக்கத்தான் எல்லோரும் கேட்பார்கள்.

இரண்டு விஷயம் நடக்க வேண்டியிருக்கிறது. பல்லின் நிறம் சற்று இறங்கி ஓரிடத்தில் நிற்கவேண்டும். பெராக்சைடு விட்டுச்சென்ற ஆக்சிஜன் பல்லிலிருந்து வெளியேற வேண்டும். அது உள்ளே இருக்கும்போது ஒட்டினால் பசை சரியாக இறுகாது, வெனீரும் பாண்டிங்கும் (பல் நிறப் பொருளை ஒட்டிப் பல்லைச் சரிசெய்வது) சீக்கிரம் பெயர்ந்துவிடும்.

அந்த அம்மா மார்ச் 8 முதல் 22 வரை தட்டுப் போட்டார். ஏப்ரல் 6 வரை எங்களிடம் அவருக்கு வேலையே இல்லை. விசா, பெட்டி, புடவை என்று வேறு வேலைகளைப் பார்த்துக்கொண்டார்.

7. நிறம் பார்க்கும் நாள்

இந்த நாளுக்குக் காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள். உதட்டுச் சாயம் வேண்டாம். கண்ணைப் பறிக்கும் சிவப்பு, ஆரஞ்சு உடையும் வேண்டாம். அந்த நிறம் பல்லின் மேல் பிரதிபலித்து மருத்துவரின் கண்ணை ஏமாற்றும்.

மரத்துப்போக ஊசி போட்டு, பல்லைத் தேய்க்க ஆரம்பித்த பிறகு நிறம் பார்த்தால் தவறாக வரும். வாயைத் திறந்துவைத்துச் சில நிமிடத்திலேயே பல் உலர்ந்து வெளுக்கத் தொடங்கிவிடும். நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வேலை நிறம் பார்ப்பதாக இருக்கவேண்டும். மறந்துவிட்டார்கள் என்று தோன்றினால் நீங்களே மெதுவாகக் கேட்கலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

அன்று அந்த அம்மாவை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, கழுத்துக்குக் கீழே சாம்பல் நிறத் துணி போர்த்தினோம். மருத்துவர் நிற அட்டையை எடுத்தார். சாவிக்கொத்துப் போல வரிசையாகப் பதினாறு சின்னப் பீங்கான் பற்கள் அதில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஏ1, பி2 என்று பெயர். பக்கத்துப் பல்லுக்கு அருகில் ஒவ்வொன்றாக வைத்து, சில விநாடி பார்த்து, கண்ணை வேறு பக்கம் திருப்பி, திரும்பவும் பார்த்தார். தொடர்ந்து உற்றுப் பார்த்தால் கண் களைத்து எல்லாம் ஒரே நிறமாகத் தெரியும். ஏ1-க்கும் பி1-க்கும் நடுவில் தயங்கிவிட்டு இரண்டையும் பல்லோடு சேர்த்துப் படம் எடுத்து லேபுக்கு அனுப்பினார். அந்தப் படம்தான் லேபில் இருப்பவருக்குக் கண்.

அட்டையில் ஆக வெள்ளையாக இருப்பதைக் கைகாட்டுபவர்கள் நிறைய. உங்கள் கண்ணின் வெள்ளையைவிடப் பல் வெள்ளையாக இருந்தால் போட்டோவில் பல் மட்டும்தான் தெரியும். உடன் வந்தவரிடம் நாலடி தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். பேசும் தூரத்தில் சரியாகத் தெரிவதே சரியான நிறம்.

வெனீர் என்றால், பல்லைத் தேய்க்கும் முன் மாதிரி வைத்துக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் பல்லின் மேலேயே தற்காலிகப் பொருளால் அந்த வடிவத்தை வைத்துக் காட்டமுடியும். கண்ணாடியில் பாருங்கள், பேசிப் பாருங்கள், படம் எடுத்து வீட்டில் காட்டுங்கள். தேய்த்த எனாமல் திரும்ப வளராது. வெனீருக்குச் சம்மதம் சொல்லும் முன் இது ஒன்றை நன்றாக யோசியுங்கள். ஒரு பயணத்துக்காக மட்டும் என்றால், ஆரோக்கியமான பல்லைத் தேய்க்காமல் வெண்மையாக்கலும் சின்னப் பாண்டிங்கும் போதுமா என்று கேளுங்கள்.

8. தற்காலிகக் கேப்போடு இருக்கும் நாட்கள்

அளவு போனதிலிருந்து கேப் வரும்வரை ஒரு வாரம் முதல் இரண்டு வாரம். அதுவரை வாயில் இருப்பது பிளாஸ்டிக் போன்ற தற்காலிகக் கேப். பின்னால் எளிதாகக் கழற்ற வேண்டும் என்பதால் லேசாகத்தான் ஒட்டியிருப்பார்கள். முறுக்கு, கரும்பு, எலும்பு, கடலைமிட்டாய் எதையும் அதில் கடிக்காதீர்கள். மஞ்சள் இதில் சீக்கிரம் ஏறும். நாலு நாள் சாம்பார் சாப்பிட்டால் ஓரம் மஞ்சளாகிவிடும், கவலைப்பட வேண்டாம், அது போகப்போவதுதான்.

பல் இடுக்கில் நூல் விட்டுச் சுத்தம் செய்பவர்கள் நூலை மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவி எடுங்கள். இழுத்தால் கேப்பும் சேர்ந்து வரும்.

கழன்றுவிட்டால் அன்றோ மறுநாளோ போய் ஒட்டிக்கொள்ளுங்கள். தேய்த்த பல் கூசும் என்பது ஒரு பக்கம். பக்கத்துப் பல் கொஞ்சம் நகர்ந்தாலும் லேபிலிருந்து வரும் கேப் உட்காராது. உடனடியாக ஒட்டும் பசையால் வீட்டிலேயே ஒட்டிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஈறு வெந்து, பல்லும் கெட்டு, பயணத் தேதியையே தள்ளிவைத்தார்கள்.

தற்காலிகக் கேப்போடு மட்டும் பயணம் போகாதீர்கள்.

9. ஒட்டும் நாளும் அடுத்த வாரமும்

நிரந்தரமாக ஒட்டும் முன் வைத்துப் பார்ப்பார்கள். அப்போது எழுந்து வெளிச்சத்துக்குப் போய்ப் பாருங்கள். அறைக்குள் இருக்கும் விளக்கில் மட்டும் பார்த்துச் சரி என்று சொல்லாதீர்கள். ஒட்டிய பிறகு நிறம் பிடிக்கவில்லை என்றால் உடைத்துத்தான் எடுக்கவேண்டும். ஒட்டும் முன் லேபுக்குத் திருப்பி அனுப்ப இன்னும் வழி இருக்கிறது. அதற்கான நாளும் உங்கள் கணக்கில் இருக்கிறது.

அந்த அம்மாவின் கேப் ஏப்ரல் 18 அன்று வந்தது. வாசல் வரை போய்க் கைக்கண்ணாடியில் பார்த்தார். நுனி கொஞ்சம் நீளமாகத் தெரிகிறது என்றார். மருத்துவர் அங்கேயே சற்றுக் குறைத்து, பாலிஷ் செய்து, அப்புறம்தான் ஒட்டினார்.

முதல் சில நாள் 'ச', 'ஸ' வரும் சொற்களில் நாக்கு இடறும். சத்தமாகச் செய்தித்தாள் படியுங்கள், பழகிவிடும். ஒரு வாரம் கழித்துக் கடியைச் சரிபார்க்க ஒரு முறை வாருங்கள். மரத்துப்போன வாயில் கடித்துப் பார்ப்பதும் வீட்டில் தோசை சாப்பிடும்போது கடிப்பதும் ஒன்றில்லை. உயரமாக இருந்தால் நாள் போகப்போகப் பல் வலிக்க ஆரம்பிக்கும். தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கம் இருந்தால் இரவில் போடும் காப்புத் தட்டையும் இந்த வாரமே அளவெடுத்துக்கொள்ளுங்கள்.

கம்பியை அவிழ்ப்பதைப் பயணத்தோடு ஒட்டி வைத்துக்கொள்பவர்களுக்கு: மூன்று நான்கு வாரம் முன்பே அவிழ்த்துவிடுங்கள். ஈறு வீக்கம் வடியவும், ரிட்டெய்னர் (பல் திரும்ப நகராமல் பிடிக்கும் தட்டு) அளவெடுத்து வரவும், அது பழகவும் நாள் வேண்டும்.

10. கடைசி இரண்டு வாரம்

வலி இல்லாத பல்லைத் தொடாதீர்கள். "சும்மா இன்னொரு முறை வெள்ளையாக்கிக்கறேனே" என்ற எண்ணம் இந்த நாட்களில்தான் வரும். கூச்சத்தோடு விமானத்தில் ஐஸ் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கும். லேசான பாலிஷ் மட்டும் ஒரு வாரம் முன்பு செய்துகொள்ளலாம்.

11. கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

பெட்டியில் போடாதீர்கள். பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் ரிட்டெய்னரும் போய்விடும்.

எக்ஸ்ரேயும், எந்தப் பல்லில் என்ன செய்தார்கள், என்ன பொருள், என்ன நிறம் என்ற குறிப்பும் போனில் படமாக இருக்கட்டும். அங்கே கேப் கழன்றால் பார்க்கிற மருத்துவருக்கு இது போதும். கழன்ற கேப்பைப் பத்திரமாக எடுத்துவைத்துக் கொண்டுபோனால் பல நேரம் அதையே திரும்ப ஒட்டிவிடலாம்.

அலைனர் போட்டிருப்பவர்கள் இப்போது போடுவதோடு அடுத்த செட்டும் முந்தைய செட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தொலைந்தால் முந்தையதைப் போட்டுப் பல் நகராமல் காக்கலாம். சாப்பிடும்போது கழற்றி டிஷ்யூவில் சுற்றி வைக்கவே வைக்காதீர்கள், விமானத்தில் தட்டோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விடும். டப்பாவில்தான் வைக்கவேண்டும். வெந்நீரில் கழுவினால் வளைந்துவிடும்.

கூச்சப் பற்பசை, மென்மையான பிரஷ், உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்று மருத்துவர் சொன்ன வலி மாத்திரை. ஆன்டிபயாடிக்கை நீங்களாக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம். பயணக் காப்பீட்டில் பல் பகுதியைப் படியுங்கள். பெரும்பாலும் திடீர் வலிக்கான அவசரச் சிகிச்சை மட்டும்தான் இருக்கும், அழகுக்காகச் செய்த வேலை அதில் வராது.

12. நாள் குறைவாக இருந்தால்

இரண்டு வாரம்தான் இருக்கிறதா? பரிசோதனை, எக்ஸ்ரே, கிளீனிங், பாலிஷ். அதோடு நிறுத்துங்கள். காபிக் கறையும் வெற்றிலைக் கறையும் போனாலே நிறையப் பேருக்குக் கண்ணாடியில் வேறு ஆள் தெரிகிறார். முன்பல் நுனி உடைந்திருந்தால் பாண்டிங் ஒரே நாளில் முடியும்.

மூன்று நான்கு வாரம் இருந்தால், சொத்தை எதுவும் இல்லாத பட்சத்தில், கிளீனிங்கோடு வெண்மையாக்கலும் செய்யலாம். நிறம் பொருத்தும் வேலைகளைத் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து மூன்று வார விடுமுறையில் வந்து இங்கே பல் வேலை முடித்துப் போக நினைப்பவர்கள், அங்கேயே எக்ஸ்ரே எடுத்து முன்கூட்டி அனுப்பிவிடுங்கள். வெண்மையாக்கலையும் அங்கேயே, கிளம்ப இரண்டு வாரம் முன்பே முடித்துக்கொண்டு வந்தால், இறங்கிய இரண்டாம் நாள் நிறம் பார்த்து அளவெடுக்கலாம். கல்யாண வீடு, கோயில், சொந்தக்காரர் வீடு எல்லாம் அப்புறம். நாங்கள் பார்த்தவரை, அவர்களில் பலர் ஊருக்குக் கிளம்ப நாலு நாள் இருக்கும்போதுதான் முதல் முறை வருகிறார்கள்.

விழுந்த பல்லுக்கு நாலு வாரத்தில் இம்ப்ளாண்டும் அதன் மேல் நிரந்தரக் கேப்பும் என்று யாராவது உறுதி சொன்னால், எலும்பு பிடித்திருப்பதை எப்படிச் சரிபார்ப்பீர்கள் என்று கேளுங்கள். பயணத்துக்கு மட்டும் கழற்றி மாட்டும் ஒற்றைப் பல் செட் போதும். ஒரு வாரத்துக்குள் செய்துவிடலாம், போட்டோவில் வித்தியாசம் தெரியாது. மேல்தாடையில் எலும்பு வைத்த சிகிச்சை நடந்திருந்தால் எப்போது விமானம் ஏறலாம் என்பதைச் செய்த மருத்துவரிடமே கேட்டு, அதற்குப் பிறகு டிக்கெட் போடுங்கள்.